முறம் மாட்டிய கதவு

எங்கள் வீட்டில் முறம் கிடையாது. வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க இது தெரிந்த சங்கதி. அரிசி புடைக்க வேண்டுமென்றால் அம்மா எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை, "இன்னாங்க இது, ஒரு முறம் வாங்கக்கூடவா மனசு வரல?" என்று கேலி செய்துவிட்டு, மறுநாள் தானே புதுசாக ஒன்றை வாங்கிவந்து கொடுத்தாள். அம்மா சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாள் தலை மறைந்ததும் அதைக் கீரைக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

பகலில் கதவைச் சாத்தவும் மாட்டாள். சாரல் அடித்தாலும் சரி, நாய் நுழைந்தாலும் சரி, திறந்துதான் கிடக்கும். பகலில் படுக்கவும் மாட்டாள். ஜுரம் வந்தால்கூட சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "இல்ல இல்ல, தூங்கல, சும்மாதான் உக்காந்துனு இருக்கேன்" என்பாள். கேட்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும்.

இதற்கெல்லாம் அம்மா மனசில் ஒரு காரணம் வைத்திருந்தாள். அது தப்பான காரணம். சரியான காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். பதினாலு வருஷம் அதைச் சொல்லாமல் இருந்தேன். நல்ல மகள்தான் போங்கள்.

இரண்டாயிரத்து நாலில் நான் ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பில் இருந்தேன். வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொள்வது, சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் வேலை. முதலாளி மாடியில் புதிதாக ஒரு கஃபே கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் டிராக்டரில் பழைய கதவுகள் வந்து இறங்கின. நீல பெயின்ட் அடித்த ஒற்றைக் கதவுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்டில் ஒரு நம்பர். ஏழு. பதினொன்று. இருபத்திரண்டு.

"எங்கேர்ந்துங்க இது?" என்று இறக்கினவரைக் கேட்டேன்.

"நூல் மில்லு லைன் வீடுங்கமா. கீழ்பென்னாத்தூர் ரோட்ல. எல்லாத்தையும் இடிச்சி பிளாட் போடப் போறாங்க. வெள்ளக்காரன் காலத்து மரம், இரும்பு கணக்கா கீது பாருங்க."

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "இத அப்படியே படுக்க வெச்சி கண்ணாடி போட்டா டேபிள். ஃபாரினர்ஸ் போட்டோ புடிச்சே மாளமாட்டாங்க" என்றார். நான் ஒவ்வொரு கதவாகத் திருப்பித் திருப்பி நம்பர் பார்த்தேன். பதினெட்டு இல்லை. எங்கள் வீடு பதினெட்டு. இன்னும் அங்கேயே நிற்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த வீடு தரைமட்டமாவதற்கு முன்னால் அம்மாவை அங்கே கூட்டிப்போக வேண்டும். அந்த வாசலில் நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வீடும் போய்விட்டால் பிறகு எனக்கு வாயே வராது என்று பயமாக இருந்தது.

"எதுக்குடி அங்க?" என்றாள் அம்மா.

"இடிக்கப் போறாங்களாம்மா. கடைசியா ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்."

தாம்பாளத்து அரிசியைப் பானையில் கொட்டினாள். பிறகு எழுந்து தலையை வாரி, ஊருக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். மில் இருந்த இடத்தில் புகைபோக்கியும் பாதிச் சுவரும்தான் மிச்சம். அதற்குப் பின்னால் லைன். வரிசைக்குப் பத்து வீடு, நாலு வரிசை. எல்லாம் ஒரே அச்சு. முன்னால் ஒரு அறை, பின்னால் புகை படிந்த சமையல்கட்டு, மேலே சீமை ஓடு. மில்லில் வேலை இருக்கிறவரை வீடு உண்டு. முதல் மூன்று வரிசையிலும் பாதிக் கதவுகளைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். ஓடுகளை இறக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்த ஆள் எங்களைப் பார்த்துவிட்டு, "என்னா வேணும்?" என்றார். "இங்கதாங்க குடியிருந்தோம்" என்று அம்மா சொன்னதும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் நினைத்துக்கொண்டு போனது ஒன்று, நடந்தது ஒன்று. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி கலகலப்பாகிவிட்டாள். ஒவ்வொரு வீடாக நுழைந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

மூன்றாம் நம்பர், கட்டைப் பிரம்மச்சாரிகள் வீடு. மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், ஒரே பாய். ஒருத்தன் எழுந்து போனதும் இன்னொருத்தன் வந்து விழுவான். "பாயி சூடு ஆறவே ஆறாதுடி இந்த வூட்ல. தீபாவளி லீவுல மூணு பேரும் ஒண்ணா இருந்தப்ப ஒருத்தனுக்கொருத்தன் மூஞ்சி தெரியாம முழிச்சானுங்க" என்று அம்மா சொல்லிச் சிரித்தாள். அடுத்த வீட்டுச் சுவரில் விரிசலுக்குள் கழிவுப் பஞ்சைத் திணித்திருந்தார்கள். அம்மா அதில் கொஞ்சம் பிடுங்கி விரலால் திரித்துப் பார்த்தாள். இழை வந்தது. மார்கழிக் குளிருக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான் அடைப்போம்.

ஆறாம் நம்பர் வாசலில் நின்று கதவில் இருந்த ஆணியைக் காட்டினாள். "பாத்தியா, இன்னும் கீது." அந்த ஆணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நைட் ஷிப்டு பார்த்தவன் பகலில் தூங்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டின நாற்பது வீடு. பிள்ளைகள் கத்தல், குழாயடிச் சண்டை, உரல் சத்தம். இதற்கு நடுவில் எங்கே தூங்குவது? அதற்கு லைன் பெண்கள் கண்டுபிடித்த வழிதான் முறம். ஒவ்வொரு கதவிலும் நெஞ்சு உயரத்தில் ஒரு ஆணி. புருஷன் படுத்ததும் கதவைச் சாத்தி அதில் முறத்தை மாட்டிவிடுவார்கள். முறம் தொங்கினால் அந்தக் கதவைத் தட்டக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சண்டைக்கு என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தவள்கூட முறத்தைப் பார்த்தால், "எழுந்து வரட்டும், அப்புறம் இருக்கு கச்சேரி" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போவாள். வீட்டுக்கு இரண்டு முறம் இருக்கும். ஒன்று புடைக்க, ஒன்று மாட்ட.

"இந்த வூட்டுக்கு ஒரு புதுப்பொண்ணு வந்தா" என்றாள் அம்மா. "அவ புருஷன் பகல் ஷிப்டு. ரெண்டு மணிக்கு வூட்டுக்கு வருவான். மூணு மணிக்குப் பாத்தா முறம் தொங்குது! இன்னாடி, பகல் ஷிப்டுக்காரனுக்கும் முறமான்னு கொழாயாண்ட அவள ஓட்டு ஓட்டுனு ஓட்டினோம். தண்ணி புடிக்கவே வரமாட்டேனுட்டா, பாவம்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இந்தச் சிரிப்பில் போய் அதைச் சொல்வதா? திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

எங்கள் ஊர் தனி மாவட்டமான எண்பத்தொன்பதாம் வருஷம்தான் மில்லை மூடினார்கள். கேட்டில் ஒரு தாள் ஒட்டினார்கள், ஷிப்டுக்கு ஊதும் சங்கு நின்றது. அப்பா இருபது வருஷம் நூல் இழுத்தவர். "நாலு மாசத்துல தொறந்துடுவாங்க" என்றார். நாலு மாசம் எட்டு மாசமாயிற்று. சில பேர் திருப்பூருக்குப் போனார்கள், சில பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. திறக்கும்போது ஆள் இல்லையென்றால் வேலை போய்விடும் என்று பயம்.

வேடிக்கை என்னவென்றால், மில் மூடின பிறகும் லைனில் முறம் மாட்டுவது நிற்கவில்லை. ஜாஸ்திதான் ஆயிற்று. காலையில் ஒன்பது மணிக்கு வரிசையாக முறம் தொங்கும். நைட் ஷிப்டே இல்லாத ஊரில் நைட் ஷிப்டுத் தூக்கம்! எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். ஆம்பளை வேலையில்லாமல் உள்ளே கிடக்கிறான் என்று எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்க அது ஒரு வழி. முன்னைவிட மெதுவாக நடந்து போவார்கள் அந்த வாசல்களைத் தாண்டி. அம்மாவும் தினமும் மாட்டிவிட்டுத்தான் மல்லாட்டை பிடுங்கப் போவாள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். கீழ்பென்னாத்தூர் பக்கத்து நிலங்களுக்கு விடியற்காலையில் வேன் வந்து பெண்களை ஏற்றிப்போகும்.

அந்தச் சனிக்கிழமை மட்டும் அம்மா மாட்டவில்லை. அப்பா காலையில், "மாருல இன்னாமோ புடிக்கிற மாதிரி கீது" என்று சொல்லியிருக்கிறார். நான் அப்போது குழாயடியில் இருந்தேன், எனக்குத் தெரியாது. அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம், "அப்பப்ப ஒரு எட்டு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டாள்.

எனக்குப் பதிமூன்று வயசு. டவுனில் பள்ளிக்கூடம். புது மாவட்டம் என்று நிறைய ஆபீசர்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவருடைய மகள் என் வகுப்பு. அவளிடம் மில் நடக்கிறது என்றும், அப்பா நைட் ஷிப்டு பார்க்கிறார் என்றும் புளுகியிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த வயசில் வருகிற வெட்கம் பொல்லாதது, பெத்தவனைக்கூடத் தின்றுவிடும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து எங்கள் வீட்டைப் பார்த்தே தீருவேன் என்று அவள் என்னோடு வருவதாக இருந்தது, அப்படியே என் ரெக்கார்டு நோட்டையும் வாங்கிப் போக. வந்தால் அப்பாவைப் பார்ப்பாள். கிழிந்த பனியனும் சவரம் செய்யாத முகமுமாக இருக்கிற அப்பாவை.

கிளம்பும்போது கதவைப் பார்த்தேன், முறம் இல்லை. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து வெளியே ஜன்னல் விளிம்பில் வைத்தேன், உள்ளே வர வேண்டிய அவசியமே வரக்கூடாது என்று. அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். உள்ளே பாயில் கிடந்த அப்பா அந்தச் சத்தத்தில் தலையைத் தூக்கினார் போல.

"நான் தூங்கலம்மா" என்றார்.

"தூங்குப்பா" என்றேன். மாட்டிவிட்டு ஓடினேன்.

பத்து மணிக்கு அத்தை பார்க்க வந்திருக்கிறாள். முறம் தொங்கியது. சரி, நல்லா தூங்கட்டும் என்று போய்விட்டாள். பதினொன்றுக்குள் ஏதோ பித்தளைச் சொம்பு உருளுகிற சத்தம் கேட்டிருக்கிறது. பூனை என்று நினைத்திருக்கிறாள். ஒரு மணிக்கு நான் சிநேகிதியோடு வந்தேன். உதட்டில் விரலை வைத்து, "அப்பா தூங்குறாரு" என்றேன் அவளிடம், பெருமையாக. இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளியங்காய் தின்றுகொண்டு சிரித்துச் சிரித்துப் பேசினோம். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போன பிறகும் நான் உள்ளே போகவில்லை. முறம் தொங்குகிற கதவை நாங்கள் யாரும் தட்டிப் பழக்கமில்லை. நாலு மணிக்கு அம்மா மண் கையோடு வந்தாள். அவள்தான் திறந்தாள்.

அப்பா கதவுப் பக்கம் கையை நீட்டியபடி கிடந்தார். கதவுக்கும் கைக்கும் இரண்டு முழம் இருக்கும். சொம்பு ஒரு மூலையில் கிடந்தது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியம் முடிந்த அன்றைக்கு அத்தை தலையிலடித்துக்கொண்டு அழுதாள். "முறம் தொங்குச்சேக்கா, முறம் தொங்குச்சே! நான் இன்னா பண்ணுவேன்!" அம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். "மாட்டக் கூடாதுனுதான் நெனச்சேன். பாழாப்போன கை, பழக்கத்துல மாட்டிட்டு வந்துடுச்சே" என்றாள். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் அத்தை மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எல்லோரும் பாவம் குழந்தை என்றார்கள்.

பதினெட்டாம் நம்பர் கதவு அப்படியே இருந்தது. அதற்குக் கிட்டே போகப்போக அம்மாவின் பேச்சு நின்றுவிட்டது. நீல பெயின்ட் உரிந்து, ஆணி துருப்பிடித்திருந்தது. அம்மா உள்ளே போகவில்லை. ஆணியைத் தொட்டாள். தொட்டுவிட்டு, அதே வலது கையை இடது கையால் பட் பட்டென்று அடித்தாள்.

"இந்தக் கைதாண்டி. இந்தக் கைதான். வெட்டிப் போட்டிருக்கணும்."

"அம்மா, அடிக்காத" என்று கையைப் பிடித்தேன். "நீ மாட்டலம்மா. நான் மாட்டினேன்."

சொல்லிவிட்டேன். சிநேகிதி, நோட்டு, நான் சொன்ன பொய், வேப்பமரத்தடி, எல்லாம். நிறுத்தினால் மறுபடி வராது என்று கடகடவென்று கொட்டினேன். அம்மா அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு முழிச்சினு இருந்தாரா?"

"இருந்தாரும்மா."

"இன்னா சொன்னாரு?"

"நான் தூங்கலம்மான்னு சொன்னாரு."

"நீ?"

"தூங்குப்பான்னு சொன்னேன்."

அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருடையதோ கை போல் பார்த்தாள். "பதினாலு வருஷம்டி" என்றாள் மெதுவாக. "இந்தக் கையால சோறு துன்ன கூசி, ஸ்பூன்ல துன்னேன் ஒரு வருஷம். பாத்துனுதான இருந்த நீ?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் அந்த ஸ்பூனைக் கழுவிக் கொடுத்தவளே நான்தான்.

"வா, பஸ்ஸு போயிடும்" என்றாள்.

பஸ் காலியாகத்தான் இருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தைத் துடைத்து வைத்தேன். அம்மா இரண்டு சீட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். வழி முழுக்க அவள் பின்கொண்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருமுறை திரும்பினாள் என்று நினைத்து எழுந்துவிட்டேன். கண்டக்டரிடம் சில்லறை வாங்கத்தான் திரும்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று இருக்கும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அந்தத் தாழ்ப்பாளுக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினாலு வருஷத்தில் அம்மா பகலில் சாத்தின முதல் கதவு அது. ஒருவேளை இப்போதுதான் அவளால் படுக்க முடிகிறதோ, பாரம் இறங்கிவிட்டதோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

எதிர்வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றாள். "அம்மா எங்க கண்ணு? உள் ரூம் கதவு சாத்திக் கீது, அதிசயமா?"

"தூங்குறாங்க" என்றேன்.

ஐயோ. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது. உதட்டுக்கு விரல்கூடப் போய்விட்டது. எதிர்வீட்டு அம்மாள், "சரி சரி, தூங்கட்டும்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினாள். நான் எழுந்து ஓடினேன். இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன். "அம்மா! அம்மா! கதவத் தொறம்மா!" தெருவே கேட்டிருக்கும்.

உள்ளே ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு, மிகக் கிட்டத்தில் அம்மாவின் குரல் வந்தது. கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் தூங்கலம்மா" என்றாள்.

என்னை அவள் ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.